மே ஐ கமின் மிஸ்?

போன ஞாயித்துக்கிழமை நாகல்நகர்ல இருக்கற அக்கா வீட்டுக்கு போயிருந்தேன். அக்கா மக பத்தாவது படிக்கிறா. வழக்கமா மாமா வந்தா ஓடி வந்து முதல்ல கையில இருக்கற பையைத்தான் பாப்பா, அப்புறம்தான் மூஞ்சிய. அன்னைக்கு எந்திரிக்கவே இல்லை. கூடத்துல உக்காந்து, கைடை மடியில வச்சுக்கிட்டு, கண்ணை மூடி சகஸ்ரநாமம் மாதிரி ஓதிக்கிட்டு இருந்தா.

"கேன், எபிலிட்டி. மே, பர்மிஷன். மைட், பாசிபிலிட்டி. மஸ்ட், கம்பல்ஷன். ஷுட், அட்வைஸ்..."

"என்ன பாப்பா இது?"

"மோடல்ஸ் மாமா. நாளைக்கு டெஸ்ட். பேசாம இரு, மறந்துரும்."

பேசாம இருந்தேன். சும்மா இருக்க முடியாம போன டெஸ்ட் பேப்பரை எடுத்துப் பாத்தேன். அங்கதான் வந்தது எனக்கு கடுப்பு. கோடிட்ட இடத்தை நிரப்புக. "டேஷ் ஐ பாரோ யுவர் பென்?" புள்ளை 'கேன்'னு எழுதியிருக்கு. சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி, பக்கத்துல 'மே'.

(ஆங்கில வாக்கியத்தை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன், வாசிக்க கொஞ்சம் தடுக்கும். பொறுத்துக்குங்க.)

இங்கிலீஷைத் தாய்மொழியா பேசறவங்க தினமும் 'கேன் ஐ பாரோ யுவர் பென்'னுதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. 'மே' போட்டா கூடுதல் பணிவு, அவ்வளவுதான். 'கேன்' போட்டா தப்புன்னு பழைய காலத்து வாத்தியார்மார் சிலபேர் லண்டன்லயும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இல்லைன்னு சொல்லலை. அங்க அந்த சட்டாம்பிள்ளைத்தனம் மலையேறிப் போச்சு. திண்டுக்கல்ல மட்டும் இன்னும் மலையேறலை, இத்தனைக்கும் ஊருக்கு நடுவுல மலை இருக்கு.

முதல்லயே சொல்லிடறேன். நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லு ஆபீஸ்ல இருபது வருஷத்துக்கும் மேல லெட்டரும் மெயிலும் அடிக்கிறவன். படிச்சது தமிழ் மீடியம். அதனால இது வெளியில நின்னு வேடிக்கை பாக்கறவன் பேச்சு இல்லை, அடி வாங்கினவன் பேச்சு. அந்த அடியை சொல்லாம மேல போக முடியாது.

2004-னு நினைக்கிறேன். பிவண்டியில ஒரு பார்ட்டிக்கு நூல் அனுப்பணும். லாரி கிடைக்காம ரெண்டு நாள் இழுத்து, ஒருவழியா திங்கட்கிழமை சாயங்காலம் லோடு ஏத்தி அனுப்பிட்டோம். 'திங்கட்கிழமை அனுப்ப முடிஞ்சது' அப்படிங்கறதை சந்தோஷமா மெயில்ல தட்டிவிட்டேன். எப்படி? எனக்கு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தது கேன்-னா முடியும், குட்-னா முடிந்தது. "வி குட் டிஸ்பாட்ச் த கூட்ஸ் ஆன் மண்டே." எவ்வளவு சுத்தமான இங்கிலீஷ் பாத்தீங்களா?

அந்தப் பக்கம் அதைப் படிச்சவர் என்ன புரிஞ்சுக்கிட்டார்னா, 'வேணும்னா வர்ற திங்கட்கிழமை அனுப்பலாம், என்ன சொல்றீங்க?' அவரும் மரியாதையா பதில் போட்டார். வேண்டாம், கோடவுன்ல இடம் இல்லை, நாங்க சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்கன்னு. அந்த மெயிலை நான் வாசிக்கும்போது லாரி கர்நாடகா தாண்டிருச்சு. ரெண்டு நாள் அங்க லாரி நின்னு, ஹால்ட்டிங் சார்ஜ் எங்க தலையில. மொதலாளி கூப்பிட்டு, "தம்பி, அனுப்பிட்டோம்னு எழுத ஒங்களுக்கு என்ன கஷ்டம்?" அப்படின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். திட்டியிருந்தா கூட தேவலை.

பிரச்சினை என்னன்னு எனக்கு விளங்கவே ரொம்ப நாளாச்சு. சின்ன வயசுல மலைக்கோட்டை படியை ஒரே மூச்சுல ஏறுவேன், அந்த மாதிரி பொதுவா இருந்த திறமையைச் சொல்ல 'குட்' சரி. ஒரு நாள், ஒரு தடவை, கஷ்டப்பட்டு ஒரு காரியத்தை முடிச்சோம்னா அதுக்கு 'குட்' ஆகாது. 'வாஸ் ஏபிள் டு' போடணும், இல்லைன்னா பேசாம 'டிஸ்பாட்ச்ட்'னு எழுதிட்டுப் போகணும். ஆனா முடியலைன்னு சொல்றதுக்கு 'குடன்ட்' எங்க வேணும்னாலும் வரும். இந்த வித்தியாசத்தை எந்த கைடும் எனக்கு சொல்லலை. அக்கா மக கைடுலயும் தேடிப் பாத்தேன். 'குட் - பாஸ்ட் எபிலிட்டி'. அதே வரி. நான் படிச்சு முடிச்சு இத்தனை வருஷத்துல விலை மட்டும்தான் மாறியிருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் கட்சி இதுதான். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு தமிழ் வார்த்தை, அதுக்கு ஒரு லேபிள் அப்படிங்கற இந்த அட்டவணை வைத்தியம் நம்ம பிள்ளைகளை ஊமையாக்குது. மளிகைக்கடை டப்பாவுல துவரம்பருப்பு, உளுந்துன்னு எழுதி ஒட்டற மாதிரி ஒட்டி வச்சிருக்காய்ங்க. மொழி மளிகைக்கடை இல்லை.

'லாம்'னு ஒரு ரெண்டெழுத்து நம்மகிட்ட இருக்கு பாருங்க. "உள்ள வரலாம்" - அனுமதி. "சாயங்காலம் மழை வரலாம்" - வாய்ப்பு. "டீ சாப்பிடலாமா?" - யோசனை. "இந்த ரோட்டுல போனா பத்து நிமிஷத்துல தாடிக்கொம்பு போயிரலாம்" - சாத்தியம். அப்புறம் வீட்டுக்காரம்மா சொல்ற "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" - அது அனுமதியா வாய்ப்பா? கல்யாணம் ஆனவங்களுக்கு தெரியும் அது என்னன்னு. இத்தனையும் ஒரே 'லாம்'. இங்கிலீஷ்ல இதுக்கு மே, மைட், கேன், குட், ஷல் வி, குட் ஹேவ்னு சூழ்நிலைக்கு ஒண்ணா வரும். அப்ப 'மே = லாம்'னு மனப்பாடம் பண்ணின புள்ளை டீ சாப்பிடலாமான்னு கேக்க "மே வி ட்ரிங்க் டீ"ன்னு கேக்கும். கேட்டவன் யார்கிட்ட அனுமதி கேக்கறாங்கன்னு சுத்திமுத்தி பாப்பான்.

இந்தப் பக்கம் 'கேன் = முடியும்'. "உனக்கு நீச்சல் அடிக்க முடியுமா?"ன்னு யாராவது கேப்போமா? கை கால்ல அடிபட்டவனைத்தான் அப்படிக் கேப்போம். மத்தவங்களை "நீச்சல் தெரியுமா"ன்னுதான் கேப்போம். அதே மாதிரி "வர முடியாது போ"ன்னு தம்பி சொன்னா, அவனால முடியாதுன்னா அர்த்தம்? வரமாட்டேன்னு அர்த்தம். அதுக்கு 'கேனாட்' போட்டா பொய், 'வோன்ட்' போட்டாத்தான் உண்மை.

2019-ல வந்த பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்துல முதல் பாடமே ஒரு கடல்பறவைக் குஞ்சு பறக்கப் பயந்துக்கிட்டு பாறை விளிம்புல உக்காந்திருக்கற கதை. லியாம் ஓ'ஃப்ளாகர்ட்டின்னு ஒரு அயர்லாந்துக்காரர் எழுதினது. அதே பாடத்தோட இலக்கணப் பகுதியிலதான் மோடல்ஸ். எவ்வளவு அருமையா பொருத்தியிருக்காங்க! அந்தக் குஞ்சு பறக்க முடியலையா, பறக்க மாட்டேங்குதா, பறக்கத் தெரியலையா, பறக்க தைரியம் இல்லையா? ஒரு பீரியடு முழுக்க பிள்ளைகளை தமிழ்லயே சண்டை போட விட்டு, அப்புறம் கேனாட், வோன்ட், டேர் நாட்னு போர்டுல எழுதினா ஜென்மத்துக்கும் மறக்காது. நான் அக்கா மககிட்ட கேட்டேன். "அந்த கதை வேற, மோடல்ஸ் வேற மாமா. கதையிலருந்து அஞ்சு மார்க் கேள்வி வரும், மோடல்ஸ் ஒரு மார்க்." முடிஞ்சு போச்சு.

இப்ப எதிர்க்கட்சி. ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்காரங்க. பஸ் ஸ்டாண்டைச் சுத்தி நடந்தா கண்ணுல படற போர்டெல்லாம் அதான். அங்க சொல்ற தாரக மந்திரம், "தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்லயே யோசி." ஏங்க, இங்கிலீஷ்ல யோசிக்கத் தெரிஞ்சவன் எதுக்குங்க உங்ககிட்ட ஃபீஸ் கட்டறான்? பதினஞ்சு வயசு புள்ளைகிட்ட அவ தலைக்குள்ள ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கற இயந்திரத்தை ஆஃப் பண்ணுன்னு சொல்றது என்ன நியாயம்? அந்த இயந்திரம் லேசுப்பட்டது இல்லை. "பஸ் இந்நேரம் வந்திருக்கணும்"னு சொல்றோம், "ராத்திரி மழை பெஞ்சிருக்கணும், தரையெல்லாம் ஈரமா இருக்கு"ன்னும் சொல்றோம். ரெண்டுலயும் 'ணும்'தான். ஒண்ணு எதிர்பார்ப்பு, ஒண்ணு ஊகம். "நீ போகணும்"னா கட்டாயம். இங்கிலீஷ்காரன் 'மஸ்ட்'டை கட்டாயத்துக்கும் ஊகத்துக்கும் ரெண்டுக்கும் வச்சுக்கிட்டது எதுக்குன்னு வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் குழம்பலாம், நமக்கு எதுக்கு குழப்பம்? நாமளும் அதையேதான செய்யறோம்! இதைச் சொன்னா பத்து நிமிஷத்துல புரியும். சொல்லத்தான் ஆளில்லை.

தமிழ் எங்க விலகுதோ அங்கதான் உழைக்கணும். உதாரணம், 'மஸ்ட் நாட்'டும் 'நீட் நாட்'டும். மஸ்ட்-னா வேண்டும், அப்ப மஸ்ட் நாட்-னா வேண்டியதில்லைன்னு கணக்கு மாதிரி போட்டுருவாங்க. அது கூடாது. அதாவது, 'கூடாது'தான் மஸ்ட் நாட். வேண்டியதில்லைன்னா நீட் நாட், அல்லது டோன்ட் ஹேவ் டு. மருந்து அட்டையில 'மஸ்ட் நாட்'னு போட்டிருக்கறதை வேண்டியதில்லைன்னு படிச்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. நம்ம 'வேண்டாம்' வேற ரெண்டுங்கெட்டான். பங்காளி வீட்டு கல்யாணத்துக்கு "நீங்க வர வேண்டாம்"னா அது தலைமுறைச் சண்டை. "இதுக்காக நீங்க ஒட்டன்சத்திரத்துலருந்து அலைய வேண்டாம்"னா அது கரிசனம். தொனியில தெரிஞ்சிரும் நமக்கு. மெயிலுக்கு தொனி கிடையாது.

மரியாதை விஷயமும் அப்படித்தான். நாம "அனுப்புங்க", "சொல்லுங்க"ன்னு ஒரு 'ங்க' போட்டு எல்லாத்தையும் சமாளிச்சிருவோம். இங்கிலீஷ்ல 'ங்க' கிடையாது. அந்த வேலையைச் செய்யறது குட்டும் வுட்டும்தான். இது தெரியாம "இன்னைக்குள்ள நீங்க அனுப்பணும்ங்க"ங்கறதை "யூ ஷுட் சென்ட் டுடே"ன்னு நம்ம பசங்க எழுதறாங்க. 'ங்க' எங்க போச்சு? வேடசந்தூர்லயே இறங்கிருச்சு. அந்தப் பக்கம் போய்ச் சேர்றது வெறும் அதிகாரம். நம்ம பையன் தங்கமான பையன், ஆனா அவன் மெயிலைப் படிக்கிற மேனேஜருக்கு அவன் திமிர் பிடிச்சவன். மில்லுக்கு ட்ரெய்னியா வர்ற பசங்க மெயிலை திருத்தறப்ப எல்லாம் நான் பாக்கற கூத்து இது. "குட் யூ ப்ளீஸ்"னு தொடங்குடான்னா, "அண்ணே, குட் பாஸ்ட் டென்ஸ்தானே"ங்கறான். அவனை நான் எப்படிங்க திட்டறது?

"அட போய்யா, ஒரு மார்க் கேள்விக்கு இவ்வளவு பெரிய ஒப்பாரியா"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. அப்படி கேக்கறவங்களுக்கு ஒரு கதை. கதை இல்லை, சரித்திரம். அதுவும் நம்ம சரித்திரம்.

1963-ல டெல்லியில ஆட்சிமொழிச் சட்டம் கொண்டு வந்தாங்க. அரசியல் சட்டப்படி 1965 ஜனவரி 26-க்கு அப்புறம் இந்தி மட்டும்தான் மத்திய ஆட்சிமொழின்னு இருந்ததால, இங்கிலீஷும் தொடர்றதுக்கு வழி செய்யற சட்டம். அதுல என்ன எழுதியிருந்தாங்கன்னா, இந்தியோட கூட இங்கிலீஷும் தொடர்ந்து பயன்படுத்தப்பட 'மே'. ஷல் இல்லைங்க, மே! பயன்படுத்தப்படலாம். நம்ம ஆளுங்க விடுவாங்களா? தி.மு.க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'மே'ன்னா 'மே நாட்'னும் ஆகலாமே, படுத்தலாம்னா படுத்தாமலும் இருக்கலாமேன்னு கேட்டாங்க. பிரதமர் நேரு, இந்த இடத்துல மே-யும் ஷல்லும் ஒரே அர்த்தம்தான்னார். ஒரே அர்த்தம்னா ஷல்னே போட்டுற வேண்டியதுதானேன்னு திருப்பிக் கேட்டாங்க. அப்ப மாநிலங்களவை உறுப்பினரா இருந்த அண்ணா, இங்கிலீஷ் காலவரையில்லாம தொடரணும்னு வாதாடினார். மே மாறலை. மே-யாவே சட்டமாச்சு.

1964 மே மாசம் நேரு காலமானார். (மாசத்தோட பேரும் மே, என்னத்த சொல்ல.) வாய்மொழியா உறுதி கொடுத்தவர் போய்ட்டார், எழுத்துல இருந்த 'லாம்' மட்டும் மிச்சம். 1965 ஜனவரி 25-ம் தேதி மதுரையில மாணவர்கள் ஊர்வலத்துல தொடங்கின மோதல் மாநிலம் முழுக்க பத்திக்கிச்சு. அப்ப நாமளும் மதுரை மாவட்டம்தான், திண்டுக்கல் தனியா பிரிஞ்சது 1985-ல. ரெண்டு மாசம் நடந்த போராட்டத்துல அரசாங்கக் கணக்குப்படியே செத்தவங்க ஏறத்தாழ 70 பேர். பிப்ரவரியில சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்ய, சாஸ்திரி ரேடியோவுல பேசி நேருவோட உறுதிமொழியைக் காப்பாத்துவேன்னார். 1967 டிசம்பர்ல இந்திரா காந்தி அரசு சட்டத்தைத் திருத்துச்சு. திருத்தின சட்டத்துல, இந்தியை ஏத்துக்காத மாநிலங்களோட மத்திய அரசு கடிதப் போக்குவரத்து வைக்க இங்கிலீஷ்... இப்ப சொல்லுங்க, என்ன வார்த்தை? 'ஷல்'! அதோட, இங்கிலீஷை நிறுத்தணும்னா இந்தியை ஏத்துக்காத எல்லா மாநில சட்டமன்றமும், நாடாளுமன்றத்தோட ரெண்டு அவையும் தீர்மானம் போட்டாத்தான்னும் கட்டிப் போட்டாங்க.

அந்தப் போராட்டம் ஒரே ஒரு வார்த்தைக்காக நடந்ததுன்னு சொன்னா அது மிகை. எனக்கும் தெரியும். பல வருஷக் கோபம் அதுல இருந்துச்சு. ஆனா 'மே' ஒரு பாதுகாப்பு இல்லை, அது ஒரு ஓட்டைன்னு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க பாருங்க, அவங்களுக்கு மோடல்ஸ் தெரிஞ்சிருந்துச்சுங்க! 'மே, பர்மிஷன்'னு ஓதி மார்க் வாங்கினவங்க இல்லை அவங்க. மே போட்டா யார் கையில அதிகாரம் போகுது, ஷல் போட்டா யார் கை கட்டப்படுதுன்னு பாத்தவங்க. இன்னைக்கும் கோர்ட்டுல இந்தச் சட்டத்துல மே-ன்னா மேதானா, ஷல்லா எடுத்துக்கறதான்னு வக்கீலுங்க மல்லுக்கட்டறாங்க.

எங்க மாவட்டத்துக்கே கொஞ்ச நாள் அண்ணா பேர் இருந்துச்சு. 1997-ல எல்லா மாவட்டத்துக்கும் தலைவர்கள் பேரை எடுத்தப்ப அதுவும் போச்சு. பேர் போனா போகட்டும். அந்த மாவட்டத்துல ஒரு பத்தாம் வகுப்பு பிள்ளைக்கு 'மே'ன்னா பேனா இரவல் வாங்கறதுக்கு மட்டும்தான்னு சொல்லிக்கொடுக்கறதைத்தான் என்னால தாங்க முடியலை.

யோசிச்சுப் பாருங்க. எல்.கே.ஜி.யிலருந்து பன்னெண்டாவது வரைக்கும் பதினாலு வருஷம் நம்ம பிள்ளைகள் தினமும் வாசல்ல நின்னு "மே ஐ கமின் மிஸ்"ங்கறாங்க. பெரும்பாலான பிள்ளைகள் வாழ்க்கையில உண்மையா உபயோகிச்ச ஒரே மோடல் அதான். அதுவும் ஒரே வார்த்தையா, 'மேஐகமின்மிஸ்'. கேள்வின்னே தெரியாது. 'நோ'ன்னு பதில் வந்தா என்ன பண்றதுன்னும் தெரியாது.

வாத்தியார்களைத் திட்டலை. ஒரு வகுப்புல அத்தனை பிள்ளைகளை வச்சுக்கிட்டு, போர்ஷனை முடிச்சு, ரிசல்ட் காட்டணும்னா அட்டவணைதான் கைகொடுக்கும். ஆனா 'ஐ, வி வந்தா ஷல், மத்ததுக்கு வில்'னு இன்னமும் எழுதிப் போடறாங்களே, அது யார் சொன்னதுன்னு தெரியுமா? ஜான் வாலிஸ்னு ஒருத்தர், 1653-ல, லத்தீன்ல எழுதின இங்கிலீஷ் இலக்கணம். மதுரையில திருமலை நாயக்கர் ஆண்டுக்கிட்டு இருந்த காலம். அது ரென் அண்டு மார்ட்டின் வழியா நம்ம கைடுக்கு வந்து குந்திக்கிச்சு. இங்கிலீஷ்காரனே 'ஐ வில்'லுக்கு மாறி எவ்வளவோ நாளாச்சு. 'ஷல் ஐ, ஷல் வி'ன்னு கேள்வியா கேக்கறப்பவும் சட்டத்துலயும்தான் ஷல்லுக்கு இப்ப உயிர் இருக்கு.

அன்னைக்கு என்ன பண்ணேன்னு சொல்லி முடிச்சுக்கறேன். கைடைப் பிடுங்கி மேல போட்டேன் (அக்கா முறைச்சா). ஒரு நோட்டைக் கொடுத்து, "இன்னைக்கு ராத்திரி வரைக்கும் இந்த வீட்டுல யார் 'லாம்', 'ணும்', 'கூடாது', 'முடியாது', 'மாட்டேன்'னு பேசினாலும் எழுது"ன்னேன். ஏழு மணிக்குள்ள மூணு பக்கம் ஆயிருச்சு. பாதி அக்கா பேசினது. ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் யார், யார்கிட்ட, எதுக்கு சொன்னாங்கன்னு பேசி இங்கிலீஷ் போட்டோம். நாலஞ்சுல எனக்கே சந்தேகம் வந்துச்சு, அகராதி பாத்தோம். "வரும்போது பூ வாங்கிட்டு வந்திருக்கலாம்"னு அக்கா மச்சானைப் பாத்து சொன்னதுக்கு 'குட் ஹேவ்'வா 'ஷுட் ஹேவ்'வான்னு அரை மணி நேரம் சண்டை. மச்சான் 'குட்'டுங்கறார், அக்கா 'ஷுட்'டுங்கறா. புள்ளை விழுந்து விழுந்து சிரிச்சா.

மறுநாள் டெஸ்ட்ல எவ்வளவுன்னு கேக்காதீங்க. எட்டுக்கு அஞ்சு. ரெண்டு கேள்விக்கு 'இங்க எதுவும் வரலாம், யார் பேசறாங்கன்னு தெரியலை'ன்னு பென்சில்ல எழுதி வச்சிட்டு வந்திருக்கா. அக்கா இப்ப என்கூட பேசறதில்லை.

பி.கு: புள்ளை கேட்ட ஒரு கேள்விக்கு அன்னைக்கு பதில் தெரியலை, அப்புறம் தேடிப் பாத்தேன். குட்-ல சி-ஓ-யு-க்கு அப்புறம் ஏன் ஒரு 'எல்' சும்மா உக்காந்திருக்கு? வுட், ஷுட் ரெண்டுலயும் எல் இருக்கறது நியாயம், அது வில், ஷல்லிலருந்து வந்தது. கேன்-ல ஏது எல்? பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் வச்சிருக்காங்களேன்னு பல நூறு வருஷத்துக்கு முன்னாடி இதுலயும் எழுதிக்கிட்டாங்களாம். பாப்பா, படிச்சா அம்மாகிட்ட சொல்லாத.